பெயின்ட் உதிர்ந்த கிட்டாரும் நான்கு ஊர்களும்... ரோரி கேலஹரைத் தேடி அயர்லாந்தில் ஒரு பயணம்!

2024 அக்டோபர். லண்டனில் உள்ள போனாம்ஸ் ஏல நிறுவனத்தில் ஒரு பழைய எலெக்ட்ரிக் கிட்டார் ஏலத்துக்கு வந்தது. பார்த்தவுடன் யாரும் அதை விலை உயர்ந்த பொருள் என்று சொல்லிவிட மாட்டார்கள். உடம்பெல்லாம் பெயின்ட் உரிந்து, உள்ளே இருக்கும் வெறும் மரம் தெரிந்தது. தந்தியை முறுக்கும் திருகாணிகளில் ஒன்று மற்றவற்றோடு சேராமல் தனியாகத் துருத்திக்கொண்டிருந்தது. வீட்டுப் பரணில் கிடந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடலாம் என்று நினைக்கத் தோன்றும்.

ஏலம் முடிந்தபோது அதன் விலை 8,89,400 பவுண்டு. அன்றைய மதிப்பில் ஒன்பதரைக் கோடி ரூபாய்க்கும் மேல்!

யாருடைய கிட்டார் அது? ஜிமி ஹென்ட்ரிக்ஸுடையதா? எரிக் கிளாப்டனுடையதா? இல்லை. அயர்லாந்தைச் சேர்ந்த ரோரி கேலஹருடையது. 'யார் அது?' என்று கேட்கிறீர்களா? அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ராக் இசையை விரும்பிக் கேட்கும் பலருக்கே அவரைத் தெரியாது. அமெரிக்காவில் உள்ள 'ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்' பட்டியலில் இன்று வரை அவர் பெயர் ஏறவில்லை. ஆனால், கிட்டார் கலைஞர்களிடம் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். குயின் குழுவின் பிரையன் மே முதல் கன்ஸ் அண்ட் ரோஸஸ் குழுவின் ஸ்லாஷ் வரை, அவரை நெஞ்சில் வைத்துக் கொண்டாடும் நட்சத்திரங்களின் வரிசை நீளும்.

உலகம் பெரிதாகக் கண்டுகொள்ளாத அந்தக் கலைஞனை அயர்லாந்தின் ஊர்கள் மறக்கவில்லை. ஓர் ஊரில் சிலை, ஓர் ஊரில் சதுக்கம், இன்னோர் ஊரில் சுவரில் பதித்த கிட்டார். இதையெல்லாம் பின்தொடர்ந்து போனால், தீவின் வடமேற்கு மூலையில் தொடங்கி தெற்குக் கோடி வரை ஒரு முழுச் சுற்றே வந்துவிடலாம்.

ராக் ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தை

முதல் நிறுத்தம் பாலிஷானன். டொனிகால் மாவட்டத்தில், எர்ன் ஆறு அட்லான்டிக் கடலில் கலக்கும் இடத்தில் இருக்கும் சின்ன ஊர். மக்கள்தொகை இரண்டாயிரத்துச் சொச்சம். ரயில் கிடையாது. டப்ளினிலிருந்து பஸ்ஸில் ஏறினால் மூன்றரை, நான்கு மணி நேரத்தில் வந்து சேரலாம். ஆற்றங்கரையிலிருந்து மேடேறும் கடைத்தெரு, இரண்டு பக்கமும் வண்ணம் பூசிய பழைய கட்டடங்கள் என்று, அவசரமே இல்லாத ஊர்.

1948 மார்ச் 2 அன்று ரோரி பிறந்தது இங்கேதான். பிறந்த மருத்துவமனையின் பெயர் என்ன தெரியுமா? ராக் ஆஸ்பத்திரி! சினிமாவில் வைத்தால் 'ஓவர்' என்று சொல்லிவிடுவார்கள். இசைக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. ஊரில் பாறை நிறைந்த அந்தப் பகுதிக்கே அதுதான் பெயர்.

அப்பா டேனியல், எர்ன் ஆற்றில் அப்போது கட்டிக்கொண்டிருந்த நீர்மின் நிலையத்தில் வேலை பார்த்தவர். மின்நிலையம் வந்ததில், காலம் காலமாகப் பாட்டிலும் கதையிலும் இடம்பெற்றிருந்த அசாரோ அருவி மறைந்துபோனது. ஊர் ஓர் அருவியை இழந்த அதே காலத்தில்தான் இந்தக் குழந்தை வந்து பிறந்தது. டேனியல் அக்கார்டியன் வாசிப்பார். உள்ளூர் நடனக் குழுவில் பாடுவார். அம்மா மோனிகா நாடகத்தில் நடிப்பார். அவர் நடித்த அரங்கத்துக்கு இப்போது மகன் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

ஊரின் நடுவே நிற்கிறது ரோரியின் வெண்கலச் சிலை. 2010 ஜூன் 2 அன்று திறக்கப்பட்டது. செய்தவர் டேவிட் ஆனண்ட் என்ற சிற்பி. கையில் கிட்டார், நீண்ட தலைமுடி, வாசிப்பில் மூழ்கிய உடம்பு. கோட்டும் சூட்டும் தேடினால் கிடைக்காது. கட்டம் போட்ட சட்டையும் ஜீன்ஸும்தான் ரோரியின் மேடை உடை. பக்கத்து வீட்டுப் பையன் வேலை முடிந்து அப்படியே மேடை ஏறியதுபோல இருப்பார்.

ஜூன் மாத முதல் வார இறுதியில் வந்தால் இதே ஊரை அடையாளம் தெரியாது. 2002 முதல் நடக்கும் ரோரி கேலஹர் நினைவு இசைவிழாவுக்குப் பல நாடுகளிலிருந்து கலைஞர்களும் ரசிகர்களும் வந்து குவிகிறார்கள். பெரிய கூடாரத்தில் மட்டுமல்ல, தெருமுனையிலும் கடை வாசலிலும் கிட்டார் சத்தம்தான். நம் ஊர்த் திருவிழாவுக்கு வெளியூரில் இருக்கும் சொந்தமெல்லாம் வந்து சேருமே, அதுபோல. வருகிறவர்களில் பலருக்கு ரோரியை நேரில் பார்த்த நினைவு. இன்னும் பலர் அவர் இறந்த பிறகு பிறந்தவர்கள்.

நூறு பவுண்டு கடன்

ரோரி கைக்குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் வட அயர்லாந்தின் டெரி நகருக்குப் போனது. தம்பி டோனல் அங்கே பிறந்தார். பிறகு அம்மா இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு தன் சொந்த ஊரான கார்க் நகரத்துக்கு வந்தார். இன்றும் ரோரியை 'எங்க ஊர்ப் பையன்' என்று முதல் ஆளாக உரிமை கொண்டாடுவது கார்க்தான்.

டப்ளினிலிருந்து ரயிலில் இரண்டரை மணி நேரம். கென்ட் ஸ்டேஷனில் இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் மெக்கர்ட்டின் தெரு வந்துவிடும். எவ்ரிமேன் நாடக அரங்கம், சாப்பாட்டுக் கடைகள் என்று எப்போதும் கலகலப்பாக இருக்கும் தெரு. இங்கேதான் அம்மாவழித் தாத்தா பாட்டி மதுக்கடை நடத்தினார்கள். அதன் மாடியில் சிறுவன் ரோரி ரேடியோவில் காதை ஒட்டிக்கொண்டு வளர்ந்தான். லோனி டோனகன் பாட்டு, ஐரோப்பாவில் இருந்த அமெரிக்க ராணுவ வானொலி வழியே கசிந்து வந்த ப்ளூஸ்... கற்றுத்தர ஆசிரியர் இல்லை. கேள்வி ஞானம்தான்.

ஒன்பது வயதில் பெற்றோர் ஒரு சாதாரண கிட்டார் வாங்கித் தந்தார்கள். பன்னிரண்டு வயதில் ஒரு போட்டியில் ஜெயித்த பணத்தில் முதல் எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கினான். பதினைந்து வயதில், 1963-ல், குரோலிஸ் என்ற இசைக் கருவிக் கடையில் அந்தக் கிட்டாரைப் பார்த்தான். 1961-ல் செய்யப்பட்ட ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர். நடுவில் மஞ்சள், ஓரம் போகப்போகக் கறுப்பு என்று சூரியன் மறைவதுபோன்ற நிறம். அயர்லாந்துக்குள் வந்த முதல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் அதுதான் என்று சொல்கிறார்கள்.

அது கடைக்கு வந்ததே ஒரு தவறால். ராயல் ஷோபேண்ட் குழுவின் கிட்டாரிஸ்ட் சிவப்பு நிறம் கேட்டு ஆர்டர் கொடுத்திருந்தார். வந்தது இந்த மஞ்சள் - கறுப்பு. கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டு, சிவப்பு வந்ததும் இதைக் கடையில் கொடுத்துவிட்டார். விலை நூறு பவுண்டு. பள்ளிக்கூடப் பையனுக்கு அது மலைபோன்ற தொகை. கடனில்தான் வாங்கினான்.

கடனை அடைக்க வேண்டுமே! அந்தக் காலத்து அயர்லாந்தில் 'ஷோபேண்ட்' என்ற குழுக்கள் ஊர் ஊராகப் போய் நடன அரங்குகளில் வாசிக்கும். ஒரே மாதிரி கோட், சூட். ரேடியோவில் பிரபலமான பாட்டுகளை அப்படியே வாசிக்க வேண்டும். நம் ஊர் கல்யாணக் கச்சேரி லைட் மியூசிக் குழுக்களின் ஐரிஷ் பதிப்பு. பதினைந்து வயது ரோரி ஃபோன்டானா என்ற ஷோபேண்டில் சேர்ந்தார். பிடித்த இசை அது இல்லை. ஆனால், மேடையில் இரவு முழுக்க ஓயாமல் வாசிக்கும் பழக்கம் அங்கே வந்தது. அது கடைசி வரை போகவில்லை.

1966-ல் கார்க் நகரத்திலேயே 'டேஸ்ட்' என்ற சொந்தக் குழுவைத் தொடங்கினார். மூன்றே பேர். இரண்டு ஆண்டுகளில், லண்டனின் ராயல் ஆல்பர்ட் அரங்கில் க்ரீம் குழுவின் பிரியாவிடைக் கச்சேரியில் முன்னணி நிகழ்ச்சி வாசிக்கும் அளவுக்கு வளர்ந்தது. 1970-ல் ஐல் ஆஃப் வைட் தீவில் நடந்த பிரமாண்ட இசைவிழாவில், ஜிமி ஹென்ட்ரிக்ஸ் வாசித்த அதே விழாவில், டேஸ்ட் குழுவும் மேடையேறியது.

மெக்கர்ட்டின் தெருவிலிருந்து லீ ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் பால் தெரு. அதை ஒட்டிய சின்னச் சதுக்கத்துக்கு 'ரோரி கேலஹர் சதுக்கம்' என்று பெயர். 1997-ல் வைத்த சிற்பம் அங்கே இருக்கிறது. ரோரியின் உருவம் இல்லை. கிட்டார் ஒன்று சுழன்று எழுகிறது. சுற்றிலும் ஸ்கேட்டிங் செய்யும் பிள்ளைகள், காபி குடிப்பவர்கள். கொஞ்ச தூரத்தில் கிராண்ட் பரேட் சாலையில் நகர நூலகம். அங்கே உள்ள இசைப் பிரிவுக்கும் ரோரியின் பெயர்தான். ரேடியோவைக் கேட்டே கற்றுக்கொண்ட ஒருவருக்கு, யார் வேண்டுமானாலும் வந்து இசை கேட்கக்கூடிய பொது நூலகத்தைவிடப் பொருத்தமான நினைவிடம் இருக்குமா?

நூலகத்துக்குப் பக்கத்திலேயே, 18-ம் நூற்றாண்டிலிருந்து இயங்கும் 'இங்கிலீஷ் மார்க்கெட்'. மீன், பாலாடைக்கட்டி, ரொட்டி என்று வாசனையால் இழுக்கும். குடும்பத்தோடு வருபவர்கள் ஷாண்டன் தேவாலயக் கோபுரத்தையும் தவறவிடக் கூடாது. அங்கே கோபுர மணிகளைப் பார்வையாளர்களே கயிற்றை இழுத்து அடிக்கலாம். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்!

திருடு போன கிட்டார்

அடுத்து டப்ளின். இந்த ஊர் ரோரியிடம் ஏறக்குறைய அந்தக் கிட்டாரையே பறித்துக்கொண்டது.

1960-களின் நடுவில், டப்ளினில் நிறுத்தியிருந்த வண்டியிலிருந்து ஸ்ட்ராட்டோகாஸ்டர் திருடு போனது. கடன்கூட முழுதாக அடையாத கிட்டார். அயர்லாந்துத் தொலைக்காட்சியில் 'கார்டா பேட்ரோல்' என்று காவல்துறை நிகழ்ச்சி ஒன்று வரும். காணாமல்போன பொருள்களைப் பற்றி அதில் சொல்வார்கள். கிட்டார் பற்றியும் சொன்னார்கள். திருடனுக்கு பயம் வந்துவிட்டதுபோல. சில நாள்களில் அது சாலையோரப் பள்ளம் ஒன்றில், மழையில் நனைந்து கிடந்தது.

இனி எந்தக் காலத்திலும் இதை விற்கவும் கூடாது, மீண்டும் பெயின்ட் அடிக்கவும் கூடாது என்று ரோரி முடிவெடுத்தார். பெயின்ட் உரியத் தொடங்கியதில் அந்த மழைக்கும் பங்கு உண்டு என்பார்கள். மீதியைச் செய்தது ரோரியின் வியர்வை. இரண்டு, மூன்று மணி நேரம் மேடையில் குதித்து, ஓடி, நனைந்து வாசிப்பவர். முப்பது வருட வியர்வையில் கிட்டாரின் நிறம் கரைந்தே போனது.

இதில் ஒரு வேடிக்கை. ரோரி இறந்த பிறகு ஃபெண்டர் நிறுவனமே அந்தக் கிட்டாரின் நகலைத் தயாரித்தது. புத்தம்புதுக் கிட்டாரில், எந்த இடத்தில் எவ்வளவு பெயின்ட் உதிர்ந்திருக்கிறதோ அதே அளவுக்குச் சுரண்டி எடுத்து விற்கிறார்கள். முப்பது வருட உழைப்பின் தழும்பைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம்!

டப்ளினில் சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் டெம்பிள் பார் பகுதியில், மீட்டிங் ஹவுஸ் சதுக்கத்துக்குப் போகும் வழியில் தலையை நிமிர்த்திப் பார்க்க வேண்டும். சுவரில் வெண்கலத்தில் ஒரு ஸ்ட்ராட்டோகாஸ்டர், அசல் அளவிலேயே. 2006-ல் வைத்தார்கள். அந்த முனைக்கு 'ரோரி கேலஹர் கார்னர்' என்று பெயர். கீழே கூட்டம் செல்ஃபி எடுத்துக்கொண்டு போகிறது. மேலே பார்ப்பவர்கள் சிலர்தான்.

குண்டு வெடித்த ஊரில் கச்சேரி

டப்ளினிலிருந்து ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம் வடக்கே போனால் பெல்ஃபாஸ்ட். ரோரி என்ற மனிதரைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் இந்த ஊருக்கு வந்தே ஆக வேண்டும்.

1960-களின் கடைசியில் வட அயர்லாந்தில் மோதல் வெடித்தது. பிரிட்டனோடு இருக்க வேண்டும் என்றவர்களும், அயர்லாந்தோடு இணைய வேண்டும் என்றவர்களும் முப்பது வருடம் மோதிக்கொண்டார்கள். சுமார் 3,500 பேர் உயிரிழந்தார்கள். பெல்ஃபாஸ்ட் நகர மையத்தில் குண்டு வெடிப்பது வாடிக்கையானது. சோதனைச்சாவடிகள், இருட்டினால் வெறிச்சோடும் தெருக்கள். வெளியூர் இசைக்குழுக்கள் வரத் தயங்கின. பயம் காரணமில்லாமல் இல்லை. 1975 ஜூலையில், கச்சேரி முடித்து டப்ளின் திரும்பிக்கொண்டிருந்த மயாமி ஷோபேண்ட் குழுவை வழிமறித்துத் தாக்கினார்கள். மூன்று கலைஞர்கள் கொல்லப்பட்டார்கள்.

ரோரி அப்படிப்பட்ட காலத்திலும் வருடம் தவறாமல் அங்கே வந்து வாசித்தார். அவர் வாசித்த இடம் பெட்ஃபோர்டு தெருவில் இருக்கும் அல்ஸ்டர் ஹால். 1862-ல் கட்டிய அரங்கம். கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் என்று தெருத்தெருவாகப் பிரிந்து வாழ்ந்த பிள்ளைகள் அன்று மட்டும் ஒரே கூரையின் கீழ் தோளோடு தோள் நின்றார்கள். ரோரி மேடையில் அரசியல் பேசியவர் இல்லை. வந்தார், வாசித்தார். அது போதுமானதாக இருந்தது. அவரோடு இருபது வருடம் பேஸ் கிட்டார் வாசித்த ஜெரி மெக்கவோயும் பெல்ஃபாஸ்ட்காரர்தான்.

1974 ஜனவரியில் பெல்ஃபாஸ்ட், டப்ளின், கார்க் நகரங்களில் நடந்த கச்சேரிகளிலிருந்து உருவானதுதான் 'ஐரிஷ் டூர் '74' ஆல்பம். டோனி பால்மர் அதே பயணத்தை ஆவணப்படமாகவும் எடுத்தார். ரோரியை முதன்முதலாகக் கேட்கப் போகிறவர்களுக்கு இந்த ஆல்பம்தான் சரியான வாசல்.

2025 ஜனவரி 4 அன்று அல்ஸ்டர் ஹால் வாசலில் ரோரியின் வெண்கலச் சிலை திறக்கப்பட்டது. ரசிகர்கள் பல வருடம் விடாமல் முயன்று கொண்டுவந்தது. அவர் பிறந்ததும் பெல்ஃபாஸ்டில் இல்லை, வளர்ந்ததும் இல்லை. யாரும் வராத நாள்களில் வந்தவரை அந்த ஊர் ஐம்பது வருடம் ஞாபகம் வைத்திருந்தது.

பிறகு ஏன் தெரியாமல் போனார்?

திறமையில் குறையா? இல்லவே இல்லை. 1970-களின் தொடக்கத்தில் 'மெலடி மேக்கர்' இசைப் பத்திரிகையின் வாசகர்கள், எரிக் கிளாப்டனையும் முந்தி ரோரியை உலகின் சிறந்த கிட்டாரிஸ்ட்டாகத் தேர்ந்தெடுத்தார்கள். ப்ளூஸ் மேதை மடி வாட்டர்ஸ் லண்டனில் பதிவு செய்த ஆல்பத்தில் ரோரி வாசித்தார். அது கிராமி விருது வாங்கியது.

இளைஞரான பிரையன் மே ஒருநாள் லண்டனின் மார்க்கீ கிளப்பில் கச்சேரி முடிந்ததும் ரோரியிடம் போய், 'இந்தச் சத்தம் எப்படி வருகிறது?' என்று கேட்டாராம். ரோரி ஒளிக்கவில்லை. வாக்ஸ் ஏசி30 ஆம்ப்ளிஃபயர், அதோடு ஒரு சின்ன ட்ரெபிள் பூஸ்டர் பெட்டி என்று தொழில் ரகசியத்தை அப்படியே சொல்லிவிட்டார். குயின் பாடல்களில் உலகமே கேட்ட அந்தக் கிட்டார் சத்தத்துக்கு அடித்தளம் அதுதான் என்று பிரையன் மே பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார்.

பிரச்னை வேறு இடத்தில். அந்தக் காலத்தில் ஒரு கலைஞர் வீட்டுக்கு வீடு போய்ச் சேர வேண்டுமென்றால் 'சிங்கிள்' வெளியிட வேண்டும். மூன்று நிமிடப் பாட்டு. ரேடியோவில் ஓடும், டி.வி-யில் வரும், தரவரிசையில் ஏறும். ரோரிக்கு அது பிடிக்கவில்லை. பாட்டை வெட்டிச் சுருக்கித் தர மறுத்தார்.

1975 ஜனவரியில் இன்னொரு கதவு திறந்தது. மிக் டெய்லர் விலகியதால் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு கிட்டாரிஸ்ட் தேடிக்கொண்டிருந்தது. ரோரியை நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகருக்கு அழைத்தார்கள். போனார், சில இரவுகள் அவர்களோடு வாசித்தார். ஆனால், ஜப்பானில் அவருடைய சொந்தக் கச்சேரிகள் ஏற்கெனவே ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தன. டிக்கெட் வாங்கிய ரசிகர்களை ஏமாற்ற முடியாது என்று கிளம்பிவிட்டார். அந்த இடத்துக்கு ரோனி வுட் வந்தார்.

1970-களின் கடைசியில் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு முழு ஆல்பம் பதிவானது. கேட்டுப் பார்த்த ரோரிக்குத் திருப்தியில்லை. தூக்கிக் குப்பைத்தொட்டியில் போட்டார். எத்தனையோ பணமும் நாள்களும் செலவழித்த வேலை. அவர் இறந்து பல வருடம் கழித்து, 2011-ல்தான் அந்தப் பாடல்கள் வெளியாகின.

இப்படி ஒவ்வொரு முறையும் புகழ் கதவைத் தட்டியபோது, ரோரி உள்ளே உட்கார்ந்து கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். அதற்கு அவர் கொடுத்த விலை சின்னது இல்லை. ஓயாத பயணம், தனிமை. திருமணம் செய்துகொள்ளவில்லை. விமானம் என்றாலே பயம். அதற்காகவும் மற்ற உபாதைகளுக்காகவும் மருந்துகள், கூடவே மது. எல்லாம் சேர்ந்து கல்லீரலைத் தின்றுவிட்டது. 1995-ல் லண்டனில் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. அதன் பிறகு வந்த கிருமித் தொற்றிலிருந்து அவரால் மீள முடியவில்லை. 1995 ஜூன் 14 அன்று காலமானார். வயது 47.

ரோரியைப் பற்றி ஒரு கதை வாட்ஸ்அப் ஃபார்வர்டு கணக்காக உலகம் முழுக்கச் சுற்றுகிறது. 'உலகின் சிறந்த கிட்டாரிஸ்ட்டாக இருப்பது எப்படி இருக்கிறது?' என்று ஹென்ட்ரிக்ஸிடம் கேட்டபோது, 'ரோரியைக் கேளுங்கள்' என்றாராம். அவர் அப்படிச் சொன்னதற்கு எந்தப் பதிவும் இல்லை. அந்தக் கதை இல்லாமலேயே ரோரியின் பெருமை நிற்கும்.

வீடு திரும்பிய கிட்டார்

கார்க் நகரத்துக்கு மேற்கே, பாலின்காலிக் பக்கம் இருக்கிறது செயின்ட் ஆலிவர் கல்லறைத் தோட்டம். நகரிலிருந்து பஸ்ஸில் போய்விடலாம். இறுதி ஊர்வலத்தன்று கார்க் தெருக்களில் ஆயிரக்கணக்கானோர் நின்ற செய்தியைப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். இப்போது அமைதியான இடம். வரிசை வரிசையான சாதாரணக் கல்லறைகளுக்கு நடுவே ரோரியின் கல் மட்டும் சூரியக் கதிர் விரிவதுபோல இருக்கும். சிறந்த கிட்டாரிஸ்ட் என்று அவருக்குக் கிடைத்த விருதின் வடிவம் அது. தரவரிசைகள் தராத ஒன்றை ரசிகர்கள் தந்தார்கள். அதையே தலைமாட்டில் வைத்துவிட்டார் தம்பி டோனல்.

அண்ணன் உயிரோடு இருந்தவரை மேலாளராக உடனிருந்தவர் டோனல். பிறகும் அந்த இசையையும் கிட்டார்களையும் கட்டிக்காத்தார். வயதான காலத்தில், 2024-ல், அந்தத் தொகுப்பை ஏலத்துக்குக் கொண்டுவர முடிவு செய்தபோது அயர்லாந்து பதறியது. 'பணக்காரர் யாராவது வாங்கிப் பெட்டகத்தில் பூட்டிவிட்டால்?', 'அரசே வாங்க வேண்டும்' என்று குரல்கள் எழுந்தன.

அந்த 8,89,400 பவுண்டைக் கொடுத்தது லைவ் நேஷன் கெய்ட்டி என்ற ஐரிஷ் கச்சேரி நிறுவனம். வாங்கிய கையோடு, அயர்லாந்தின் தேசிய அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாகத் தருவதாக அறிவித்தது. கார்க் கடையில் கடனுக்கு வாங்கியது, டப்ளினில் திருடு போனது, பெல்ஃபாஸ்டில் குண்டுச் சத்தத்துக்கு நடுவே ஒலித்தது... எல்லா ஊரையும் சுற்றிவிட்டு, கடைசியில் ஊர்ப் பொதுச்சொத்தாகவே ஆகிவிட்டது.

2025 ஜூலையில் அமெரிக்க கிட்டாரிஸ்ட் ஜோ போனமாஸா கார்க் நகருக்கு வந்து, ரோரியின் பாடல்களுக்காகவே நிகழ்ச்சிகள் நடத்தினார். பாரிஸுக்குப் பக்கத்தில் உள்ள ரிஸ்-ஓரான்ஜிஸ் ஊரில் ரோரியின் பெயரில் ஒரு தெருவே இருக்கிறது. 'ஹால் ஆஃப் ஃபேம்' பட்டியல் எப்போது விழித்துக்கொள்ளும் என்பது அவர்கள் பாடு.

போக நினைப்பவர்களுக்கு...

* அயர்லாந்து 'ஷெங்கன்' பட்டியலில் இல்லை. தனி விசா தேவை. பெல்ஃபாஸ்ட் பிரிட்டனுக்கு உட்பட்டது. இந்தியர்களுக்கு இரண்டு நாடுகளுக்கும் ஒரே விசாவில் போகும் கூட்டுத் திட்டம் ஒன்று உண்டு. விண்ணப்பிக்கும் முன் அப்போதைய விதிகளைத் தூதரக இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

* ஜூன் மாதம் சிறந்தது. இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். ஆனாலும் மழைக்கோட்டு இல்லாமல் கிளம்பாதீர்கள். பாலிஷானன் விழாவுக்குப் போவதென்றால் தங்குமிடத்தைப் பல மாதம் முன்பே பதிவு செய்துவிட வேண்டும், ஊர் சின்னது.

* பிள்ளைகளோடு போனால், பாலிஷானனுக்குப் பக்கத்தில் உள்ள ரோஸ்னோலா கடற்கரையில் ஒருநாள் தங்கலாம்.

* கிட்டாரைப் பார்க்கப் போகும் முன், அது எந்த அரங்கில், எந்தத் தேதிகளில் காட்சிக்கு இருக்கிறது என்று தேசிய அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

* அயர்லாந்து போக முடியாதவர்கள் மொபைலிலேயே தொடங்கலாம். 'ஐரிஷ் டூர் '74' ஆல்பத்தில் 'எ மில்லியன் மைல்ஸ் அவே' பாடலை இரவில், ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். பிறகு 'லைவ் இன் யூரோப்' ஆல்பத்தில் 'கோயிங் டு மை ஹோம்டவுன்'. அதில் எலெக்ட்ரிக் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு, மாண்டலினைக் கையில் எடுக்கிறார் ரோரி. சொந்த ஊருக்குத் திரும்பும் பாட்டு அது. கூட்டம் கால் தட்டுகிற சத்தம் உங்களுக்கும் கேட்கும்.